சுழல்மேடை நின்ற பிறகு

லண்டனில் ‘லே மிஸரபிள்’ இசை நாடகம் முடிந்து கூட்டம் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் கலையும்போது, பக்கத்தில் வருபவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே ரயில் நிலையம்வரை நடப்பது எனக்குப் பிடித்தமான காரியங்களில் ஒன்று. முதன்முறையாகப் பார்த்தவர்கள் அநேகமாக வாய் திறக்கமாட்டார்கள். அழுத முகத்தோடு கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் முன்பே பார்த்தவர்கள். அவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் “முன்பு இருந்த மாதிரி இல்லை” என்பதில்தான் வந்து நிற்கும். நாடகத்தின் அடையாளமாகவே இருந்த சுழல்மேடையை 2019-இல் எடுத்துவிட்ட பிறகு அந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஓடும் ஒரு நாடகத்தைப் பற்றி, அதைப் பலமுறை பார்த்தவர் சொல்லும் இந்தக் கருத்து நாடகத்தைப் பற்றிய தகவலா, அல்லது சொல்பவரின் வயதைப் பற்றிய தகவலா?

கதையை நான் சொல்லப் போவதில்லை. சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகவும், 1950-இல் வந்த அதே பெயருள்ள திரைப்படம் வழியாகவும் தமிழர்களுக்கு இது வீட்டுக் கதையாகிவிட்டது. அந்தப் படத்தில் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமன், ஆயுள் முழுக்க ஜாவர் சீதாராமனாகவே அழைக்கப்பட்டார். எனவே சிறையிலிருந்து விடுதலையான ஜான் வால்ஜான் யார், இன்ஸ்பெக்டர் ஜாவர் ஏன் அவரை விரட்டுகிறார் என்பதை விட்டுவிட்டு, மேடைக்கு வருகிறேன்.

இந்த நாடகத்தின் வரலாற்றில் பார்வையாளர்களின் கருத்துக்குத் தனியான ஓர் இடம் உண்டு, ஏனென்றால் நாடகம் உயிரோடு இருப்பதே அவர்களால்தான். பாரிஸில் 1980-இல் பிரெஞ்சு மொழியில் அரங்கேறிய மூலத்தைத் தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் சேர்ந்து ஆங்கிலத்தில் புதிதாக உருவாக்கி, 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் மேடையேற்றினார்கள். மறுநாள் வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன. விக்டர் ஹ்யூகோவின் மாபெரும் நாவலை மலிவான மெலோடிராமாவாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதும், மானியம் பெறும் ஒரு கலை நிறுவனம் இதில் ஏன் இறங்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். பார்பிகனில் குறிப்பிட்ட வாரங்கள் ஓடிய பிறகு பேலஸ் தியேட்டருக்கு மாற்றுவதா, அத்தோடு மூட்டை கட்டுவதா என்று தயாரிப்பாளர் உடனே முடிவெடுக்க வேண்டியிருந்தது. மனம் சோர்ந்து டிக்கெட் கவுன்டருக்குப் போன் செய்தபோது, அன்று ஒரே நாளில் ஐயாயிரம் டிக்கெட்டுகள் விற்றிருப்பதாகச் சொன்னார்கள் என்று மெக்கின்டாஷ் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். டிசம்பர் 4 அன்று நாடகம் பேலஸ் தியேட்டருக்குப் போனது. அங்கிருந்து 2004-இல் குவீன்ஸ் தியேட்டருக்கு இடம் மாறியது.

ஆக, படித்த விமர்சகர்களின் தீர்ப்பைச் சாதாரண மக்கள் வாய்வழியாகத் தள்ளுபடி செய்ததுதான் இந்த நாடகத்தின் பிறப்புக் கதை. அதே மக்களில் ஒரு பகுதியினர் இன்று விமர்சகர்களாகி, அன்றைய விமர்சகர்களைவிடக் கறாராக நிற்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. விமர்சகர் நாடகத்தை நாவலோடு ஒப்பிட்டார். இவர்கள் நாடகத்தை நாடகத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

காதில் பதிந்த குரல்கள்

பழைய பார்வையாளர்களின் குறைகளில் நான் அதிகம் மதிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நடிகர்களைப் பற்றியது. “வால்ஜான் என்றால் கோல்ம் வில்கின்சன்தான்” என்பார்கள். 1985-இல் முதன்முதலாக அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் அவர். இரண்டாம் பாகத்தில், புரட்சி செய்யும் மாணவர்கள் தெருவை மறித்துக் கட்டும் தடுப்பரணின் மேல் வால்ஜான் பாடும் பிரார்த்தனைப் பாடல், ஒத்திகைகள் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய குரலின் உச்சத்தை மனத்தில் வைத்து எழுதிச் சேர்க்கப்பட்டது. அந்தப் பாடலை வேறு யார் பாடினாலும் அது இரவல் சட்டை போல இருக்கும் என்பது இவர்களின் வாதம். ஆனால் இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அவரை மேடையில் நேரில் பார்த்திருப்பார்கள்? நான் கேட்டுப் பார்த்தவரையில், மிகச் சிலர். மற்றவர்கள் மனத்தில் வைத்திருப்பது முதல் லண்டன் குழுவின் ஒலிப்பதிவை, அல்லது 1995 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரியின் வீடியோவை. பல நாடுகளின் மேடைகளிலிருந்து பொறுக்கியெடுத்த நடிகர்களை மைக்குகளுக்கு முன்னால் நிறுத்தி, பெரிய இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி அது. அதை நூறு தடவை கேட்டுவிட்டு, வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் பாடும் ஒருவர் புதன்கிழமை மதியக் காட்சியில் அதே மூச்சை அதே இடத்தில் எடுக்கவில்லை என்று குறைபடுவதில் நியாயம் இல்லை.

2012-இல் வந்த திரைப்படம் இதை வேறொரு திசையில் திருப்பிவிட்டது. படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடவைத்து, காமிராவை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து எடுத்த படம் என்பதால், அதைப் பார்த்துவிட்டு அரங்குக்கு வந்த புதியவர்கள் முணுமுணுப்பையும் விம்மலையும் எதிர்பார்த்தார்கள். கடைசி வரிசைவரை குரலை அனுப்பியாக வேண்டிய மேடை நடிகர்கள் அவர்களுக்குச் சத்தம் போடுகிறவர்களாகத் தெரிந்தார்கள். பழையவருக்குக் குரல் போதவில்லை, புதியவருக்குக் குரல் அதிகம். இரண்டு பேரும் பார்த்தது ஒரே இரவின் ஒரே காட்சி. இடைவேளையில் இந்த இரண்டு குறைகளையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். வரவேற்பு மண்டபத்துப் பலகையில் மாற்று நடிகரின் பெயரைப் பார்த்ததும் சிலருடைய முகம் சுருங்குவதையும் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஜாவர்களில் ஒருவர் அப்படி வந்தவர்தான். முதன்மை நடிகருக்குத் தொண்டை கட்டியது என் அதிர்ஷ்டம்.

நடிகர்களைப் பற்றிய குறை எப்போதுமே வெறும் ஏக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க்கில் 1987 மார்ச் மாதம் தொடங்கிய பிராட்வே தயாரிப்பு பத்து ஆண்டுகளை நெருங்கியபோது, அதை உருவாக்கியவர்களே உட்கார்ந்து பார்த்துவிட்டு, நாடகம் களைத்துவிட்டது, புரட்சி செய்யும் மாணவர்களாக வருபவர்கள் மாணவ வயதைத் தாண்டிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். நடிகர்களில் பலரை ஒரே வீச்சில் விலக்கிவிட்டுப் புதிய குழுவோடு பத்தாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். வேலை இழந்தவர்களை நினைத்தால் அது கொடுமையான காரியம். ஆனால், மேடையில் தினம் நிற்பவருக்குத் தெரியாத தேய்மானம் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறது என்பதை அது ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து அதே பிராட்வேயில் நாடகத்தின் நீளத்தை மூன்று மணி நேரத்துக்குள் வெட்டினார்கள். மூன்று மணியைத் தாண்டினால் இசைக்கலைஞர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் கூடுதல் ஊதியம் தர வேண்டியிருந்தது என்பதே காரணம். இங்கே ஒரு பாட்டில் சில வரிகள், அங்கே ஒரு இணைப்பிசை என்று வெட்டியதை முதன்முறை வந்தவரால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள்.

தடுப்பரண் திரும்பாத இரவு

சுழல்மேடைக்கு வருகிறேன். ட்ரெவர் நன், ஜான் கெய்ர்ட் இருவரும் இயக்கிய மூல வடிவத்தில் ஜான் நேப்பியர் அமைத்த மேடை கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். கல் பாவிய தெரு போன்ற வட்டத் தளம் மட்டுமே நிலையானது. ஒரு காட்சிக்கு அது 63 முறை சுற்றும் என்பது ரசிகர்கள் எல்லோரும் ஒப்பிக்கும் கணக்கு. விடுதலையான வால்ஜான் தளம் சுற்றும் திசைக்கு எதிராக நடப்பார். எவ்வளவு நடந்தாலும் நம் கண்ணெதிரிலேயே இருப்பார். ஊர்களும் ஆண்டுகளும் அவரைக் கடந்து போகும். இரண்டாம் பாகத்தில் நாற்காலி, வண்டிச் சக்கரம், மேசை என்று தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கிச் செய்த இரண்டு பெரிய குவியல்கள் இரண்டு பக்கங்களிலிருந்தும் நகர்ந்து வந்து, சாய்ந்து, பொருந்தி ஒரே தடுப்பரணாகும். கடைசிச் சண்டை ஓய்ந்த பிறகு அந்தத் தடுப்பரண் மெதுவாகத் திரும்பும். அதுவரை நாம் பார்க்காத மறுபக்கத்தில், மாணவர் தலைவன் ஆன்ஜோல்ரா சிவப்புக் கொடியின் மேல் தலைகீழாகத் தொங்கிக் கிடப்பான். யாரும் பாடமாட்டார்கள். மேடையே திரும்பி நமக்குக் கணக்குக் காட்டும்.

அந்த வடிவம் லண்டனில் 2019 ஜூலை 13 அன்றோடு நின்றது. குவீன்ஸ் தியேட்டரைப் புதுப்பித்து, சொண்டைம் தியேட்டர் என்று பெயர் மாற்றி, அவ்வாண்டு டிசம்பரில் திறந்தபோது உள்ளே வந்தது லாரன்ஸ் கானரும் ஜேம்ஸ் பவலும் இயக்கிய வேறு வடிவம். இருபத்தைந்தாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்காக 2009-இல் உருவான அது, ஏற்கெனவே பல ஊர்களைப் பார்த்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தது. சுழல்மேடை கிடையாது. அதற்குப் பதிலாக, ஹ்யூகோ தம் கையாலேயே மசியில் தீட்டிய ஓவியங்களைத் தழுவிய படங்கள் பின்திரையில் ஒளிவீச்சாக விழும்; வால்ஜான் சாக்கடைச் சுரங்கத்தில் நடக்கும்போது படமும் நகரும். மேல்மாடத்து மலிவான இருக்கைகளில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு இழப்பு இரட்டிப்பாக இருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சுழல்மேடையின் தளம் முழுவதும் தெரியும். நடிகர்கள் ஒருவரையொருவர் வட்டமிட்டுப் பிரியும் கோலம் கீழ்த்தளத்தில் அதிகப் பணம் கொடுத்து உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரியும். புதிய வடிவத்தைக் குறைசொல்வோரில் மேல்மாடத்துக்காரர்கள் அதிகம் என்பது என் ஊகம். ஒருவருடைய கருத்தைக் கேட்கும்போது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

படிப்புக்காக லண்டன் வந்திருந்த என் அக்கா மகளைப் புதிய வடிவத்துக்கு அழைத்துப்போனேன். அவள் பாட்டும் கேட்டதில்லை, படமும் பார்த்ததில்லை. தடுப்பரண் காட்சியில், தோட்டாக்கள் தீர்ந்து சிறுவன் கவ்ரோஷ் வெளியே ஏறிக் குதிக்கிறான். பழைய வடிவத்தில் இந்த இடத்திலும் மேடை சுற்றும். தடுப்பரணின் வெளிப்பக்கத்தில் பிணங்களுக்கிடையே அவன் தோட்டா பொறுக்குவதையும் சுடப்படுவதையும் நேராகப் பார்ப்போம். புதியதில் தடுப்பரண் அசையாது. சிறுவன் அந்தப்பக்கம் மறைந்துவிடுகிறான். பாட்டு மட்டும் கேட்கிறது. துப்பாக்கி வெடிக்கும் சத்தம். பாட்டு தடைப்பட்டு மறுபடியும் தொடங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். தோட்டாப் பையை உள்ளே எறிந்துவிட்டு, தடுப்பரணின் உச்சியில் கையூன்றித் தலையைத் தூக்குகிறான், திரும்பி வந்துவிட்டான் என்று நாம் மூச்சை விடும் அந்த நொடியில் கடைசிக் குண்டு பாய்கிறது. பக்கத்து இருக்கையில் அக்கா மகள் என் மணிக்கட்டைப் பற்றிய பிடியில் நகம் பதிந்துவிட்டது. சுழல்மேடைக் கட்சியைச் சேர்ந்த நான் அந்த இடத்தில் தலைவணங்க வேண்டியிருந்தது. பழையதில் நாங்கள் வேடிக்கை பார்த்தவர்கள். புதியதில் தடுப்பரணுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் காதை மட்டும் நம்பிக் காத்திருப்பவர்களின் நிலையில் எங்களையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது கடைசிச் சண்டை. புகை அடங்கியது. நான் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டேன், ஏனென்றால் இசை அப்படியே இருந்தது; தடுப்பரண் திரும்புவதற்கென்றே எழுதப்பட்ட அந்த நீண்ட சோக வாசிப்பு, ஒரு சுரமும் குறையாமல். ஆனால் எதுவும் திரும்பவில்லை. ஆன்ஜோல்ராவின் உடலும் கவ்ரோஷின் உடலும் ஒரு தள்ளுவண்டியில் போடப்பட்டு வந்தன. ஜாவர் அந்த வண்டியருகே நின்று பார்த்தார். வெளியே வந்ததும் அக்கா மகள் சொன்னாள்: “மாமா, அந்த வண்டி வந்தபோது நீங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. வேறெதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள்.” பழைய காட்சியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தலைகீழாகத் தொங்குபவனைப் பார்த்தால் ஓவியம் போல இருந்திருக்கும். வண்டியில் ஒரு பையனை மூட்டை மாதிரிப் போட்டிருந்தது ஓவியம் மாதிரி இல்லை” என்றாள்.

அன்றிலிருந்து என் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இந்தக் காட்சியில் அவளோடு இன்றுவரை நான் உடன்படவில்லை. இசை ஒரு செயலுக்காக எழுதப்பட்டிருக்கும்போது அந்தச் செயலை மட்டும் உருவிவிட்டால், இசை எதையோ கேட்டுக்கொண்டே நிற்பது காதுக்குத் தெரியும். அந்த வண்டி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அவ்வளவு நீளமான இசைக்கு அது பதிலாகாது. ஆனால் கவ்ரோஷ் காட்சியில் புதியதே மேல். இப்படிக் காட்சி காட்சியாகப் பேசத் தொடங்கியதும், ‘முன்பு இருந்த மாதிரி இல்லை’ என்று மொத்தமாகச் சொல்வதன் சோம்பேறித்தனம் எனக்கு விளங்கியது. எது இல்லை, எந்த இடத்தில் இல்லை, இல்லாததனால் மேடையில் என்ன நடக்காமல் போகிறது என்று சொல்லத் தெரிந்தவருடைய குறையை நான் காதுகொடுத்துக் கேட்கிறேன். மற்றதை ரயில் நிலையத்தோடு விட்டுவிடுகிறேன்.

யார் கேட்கிறார்கள்?

கறாரான குறைகளுக்கும் அரங்கில் மதிப்பில்லை என்பதுதான் வருத்தம். இதற்கு நல்ல உதாரணம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. ‘லே மிஸரபிள்’ தொடங்கி ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1986 அக்டோபர் 9 அன்று ஹேமார்க்கெட்டில் தொடங்கியது ‘தி ஃபான்டம் ஆஃப் தி ஓப்ரா’. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட அது, 2021 ஜூலையில் திரும்பி வந்தபோது 27 பேர் இருந்த இசைக்குழு 14 ஆகியிருந்தது. பாரிஸ் ஓப்ரா மாளிகையின் ஆடம்பரத்தையே கதையாகக் கொண்ட ஒரு நாடகத்தில், இசைக்குழியைப் பாதியாக்கினால் குறைவது ஆடம்பரம் மட்டுமல்ல, கதையும்தான். இசைக்கலைஞர்களின் சங்கம் வருந்தியது, ரசிகர்கள் கொதித்தார்கள். அரங்கு நிரம்பிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் எளியது. நீண்டகாலம் ஓடும் இசை நாடகத்தின் எந்த ஓர் இரவிலும் கணிசமான இருக்கைகளில் இருப்பவர்கள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள், பிறந்தநாள் பரிசாக டிக்கெட் பெற்றவர்கள், வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பார்க்கப் போகிறவர்கள். 14 வயலின்களும் குழல்களும் அவர்களுக்குப் போதும், ஏனென்றால் 27-ஐ அவர்கள் கேட்டதே இல்லை. இது அவர்கள் குற்றமும் இல்லை. தயாரிப்பாளரின் பக்கம் நின்று பார்த்தால், பார்வையாளர் கூட்டம் தினமும் புதிதாகப் பிறக்கிறது. நினைவுள்ளவர்கள் அதில் ஒரு சிறுபான்மை. கச்சிதமாகக் குறைசொல்லத் தெரிந்த அந்தச் சிறுபான்மையும் குறைசொல்லிக்கொண்டே அடுத்த மாதத்துக்கு டிக்கெட் வாங்குகிறது. நானும் வாங்குகிறேன்.

அந்தச் சிறுபான்மை ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் எண்ணிக்கையாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 1988 ஜனவரியில் தொடங்கி, கடைசிவரை 27 பேர் கொண்ட இசைக்குழுவை விடாமல் வைத்திருந்த பிராட்வே ‘ஃபான்டம்’, செலவுக்குத் தக்க வருமானம் இல்லாததால் 2023 பிப்ரவரியோடு நிற்கும் என்று 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்ததுதான் தாமதம், டிக்கெட்டுகள் பறந்தன. கடைசிக் காட்சியை எட்டு வாரங்கள் தள்ளிவைத்தார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று 13,981-ஆவது காட்சியோடு அது நின்றது. ‘எப்போதும் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பல ஆண்டுகளாகப் போகாதிருந்தவர்கள் எல்லோரும், போகப்போகிறது என்றதும் வந்து வரிசையில் நின்றார்கள். பழைய ரசிகர்களைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகக் கடுமையான குறை இதுதான். நாடகம் ஓடும்போது வராமல், அது மாறும்போதும் மூடும்போதும் மட்டும் வருகிற கருத்தை எந்தத் தயாரிப்பாளர் நம்புவார்?

அக்கா மகள் அதன் பிறகு தன் தோழிகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் சொண்டைம் தியேட்டருக்குப் போய்வந்தாள். இம்முறை கவ்ரோஷ் பையை எறிந்த இடம் கொஞ்சம் முந்திவிட்டது, வால்ஜான் பிரார்த்தனைப் பாட்டின் கடைசிச் சுரத்தை அவசரமாக முடித்துவிட்டார் என்று போனில் நீளமாகக் குறைபட்டுக்கொண்டாள். அந்த வண்டியை மட்டும் யாராவது எடுத்துவிட்டால், தயாரிப்பாளருக்குப் போகும் முதல் கடிதம் தன்னுடையதாக இருக்குமாம்.